அண்ணாந்த கண்ணில் ஒரு மச்சம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அழுது முடிக்கும்வரை துப்பறிவாளர் ஒன்றும் கேட்கவில்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டி உயிரோட இருக்காளா இல்லையா, அதை மட்டும் சொல்லிடுங்க சார். அதுக்கப்புறம் நான் தூங்கிடுவேன்."

"காணாம போய் எவ்வளவு நாளாச்சு?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி போனவ. நான் கடை திறக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா வீடு திறந்து கிடக்கு. கட்டின துணியோட போயிட்டா. தேடாத இடமில்ல. போன வாரம் கடைக்கு நடந்து போறேன், அந்த ஓவியர் கடை ஜன்னல்ல அவ முகம். படமா வரைஞ்சு மாட்டியிருக்கு. கண்ணு ரெண்டும் மேல பாத்துக்கிட்டு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அந்த ஓவியரின் வழக்கம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவரை வரைந்தால் படம் நம்மை நேராகப் பார்க்கும். போய்ச் சேர்ந்தவர் என்றால் அண்ணாந்து பார்க்கும்.

"உள்ள போய் கேட்டீங்களா?"

"கேட்டேன். யார் வரையச் சொன்னாங்கன்னு சொல்ல முடியாதுன்னுட்டார். நான் வெளிய வந்து ஜன்னல் கண்ணாடியில முகத்தை வச்சுப் பாக்கறதுக்குள்ள படத்தை எடுத்துத் திருப்பி வச்சுட்டார். அதான் உங்ககிட்ட வந்தேன்."

"முகச்சாடை ஒத்துப்போற வேற யாராவதா இருந்தா?"

"அதுக்கு ஒரு அடையாளம் இருக்கு." கடைக்காரர் முன்னால் சாய்ந்தார். "இடது கண்ணுல, வெள்ளையில, கருவிழிக்குக் கீழ ஒரு சின்ன மச்சம். நேரா பாக்கும்போது கீழிமை மறைச்சுடும். மேல பாத்தாத்தான் தெரியும். படத்துல அது இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"கண் பரிசோதனை பண்ணும்போது பாத்திருப்பீங்க."

"இல்லல்ல. அவ என் கடைப்படி மிதிச்சதே இல்ல. பார்வை நல்லாத்தான் இருந்தது அவளுக்கு. வீட்ல பாத்ததுதான்."

அடையாளத்துக்காகத் திருமண நாளில் எடுத்த புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். மற்றப் படங்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகவும், பார்த்தால் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார். மறுபடி மூக்கை உறிஞ்சினார். படியிறங்கிப் போகும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே போனார்.

அதுவரை மூலையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்து புகைப்படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். துப்பறிவாளரின் சொந்த அக்கா. தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஊரின் பாதி ரகசியங்கள் தன் காது வழியாகத்தான் போயின என்பாள். தம்பியின் உதவியாளராக அவளை யாரும் நியமிக்கவில்லை. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தவள் அப்படியே தங்கிவிட்டாள்.

"இங்க பாருடா. இந்தப் பொண்ணுக்குத் தோள் வரைக்கும்தான் வரார் மனுஷன். பொண்டாட்டிகிட்ட முகத்தைப் பாத்துப் பேசணும்னா முக்காலி போட்டு ஏறித்தான் பேசியிருப்பார்."

"ம்."

"இன்னிக்கு எங்கிட்ட நீ பேசின முதல் வார்த்தை. குறிச்சு வச்சுக்கறேன்."

தெருவில் வெயில் மங்கலாக இருந்தது. அக்கா பேசிக்கொண்டே வந்தாள். துப்பறிவாளர் கேட்டுக்கொண்டே வந்தார், அல்லது கேட்பதுபோல் நடந்தார். காணாமல் போனவர்களைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சீக்கிரம் கிடைப்பவர்கள் உயிரோடு கிடைப்பார்கள். தாமதமாகக் கிடைப்பவர்கள் கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். இந்தப் பெண்ணைத் தாமதம் என்ற பக்கத்தில்தான் அவர் மனம் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தது. மச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மனிதரை நன்றாக அழவைக்கும் வேலை. அவ்வளவுதான்.

"டேய், பேசேன். உன்னோட நடக்கறதுக்கு ஒரு விளக்குக் கம்பத்தோட நடக்கலாம். அதுவாவது சாயங்காலம் எரியும்."

ஓவியர் கடையின் ஜன்னல் காலியாக இருந்தது. ஆணி மட்டும் இருந்தது. உள்ளே போனதும் எண்ணெயும் வார்னிஷும் கலந்த நெடி தொண்டையைப் பிடித்தது. இடது சுவரில் இருந்தவர்கள் எல்லோரும் அவர்களையே பார்த்தார்கள். வலது சுவரில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்திருந்தார்கள்.

"இந்தப் பக்கம் இருக்கறவங்க என்னைப் பாக்கறாங்க," என்றாள் அக்கா. "அந்தப் பக்கம் இருக்கறவங்க உங்க கூரையில இருக்கற ஒட்டடையைப் பாக்கறாங்க. பாவம், போயும் அவங்களுக்கு நிம்மதியில்ல."

ஓவியர் சிரிக்கவில்லை. ஒல்லியான மனிதர். சட்டைக் கைகள் முழங்கைவரை பல வண்ணத்தில் விறைத்திருந்தன. "படம் வரையணுமாம்மா? யாருக்கு?"

"இவனுக்குத்தான். எந்தச் சுவர்ல மாட்டறதுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

துப்பறிவாளர் வலது சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கிழவர், நடுவயதுப் பெண், மீசை வைத்த இளைஞன், மற்றொரு கிழவர். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே கண்ணு," என்றார்.

"புகைப்படத்துல யாரும் மேல பாத்துக்கிட்டு இருக்கறதில்ல சார். நேரா பாக்கற படத்தைத்தான் கொண்டுவருவாங்க. மூக்கு, வாய், தலைமுடி எல்லாம் அதுலேருந்து எடுத்துப்பேன். கண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கற மாதிரிப் படத்துலேருந்து போடுவேன். இத்தனை வருஷமும் அதே கண்ணுதான்."

"ஏன் மேல பாக்கணும்?"

ஓவியர் தூரிகையைத் துணியில் துடைத்தார். "செத்தவங்க நேரா பாத்தா வீட்ல இருக்கறவங்களால சாப்பிட முடியாது, சண்டை போட முடியாது, மறுபடி கல்யாணம் பண்ணிக்க முடியாது. மேல பாக்க விட்டுட்டா நமக்கு விடுதலை. ஆனா சார், மேல பாக்கறதுல ஒரு விஷயம் இருக்கு. வேண்டிக்கிறவனும் மேலதான் பாப்பான். கெஞ்சறவனும் மேலதான் பாப்பான். அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சவனும் மேலதான் பாப்பான். மூணு பேருக்கும் கண்ணு ஒண்ணுதான். புருவம்தான் வேற. பழைய ஓவியங்கள்ல இருக்கற மகான்களோட புருவத்தைக் கொஞ்சம் மாத்திப் பாருங்க, எல்லாரும் பயந்து நடுங்கிக்கிட்டிருப்பாங்க."

துப்பறிவாளர் மூலையில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினார். "அதைத் திருப்புங்க."

"அது வாடிக்கையாளர் படம்."

"பக்கத்துல வரமாட்டேன். பாத்தாப் போதும்."

ஓவியர் தயங்கினார். அக்காவுக்குத் தயக்கம் என்றால் என்னவென்று தெரியாது. போய்த் திருப்பிவிட்டாள்.

புகைப்படத்தில் இருந்த அதே முகம், கொஞ்சம் இளைத்து. அண்ணாந்த கண்கள். அமைதியான நெற்றி. இடது கண்ணில், கருவிழிக்குக் கீழே வெள்ளையில், கடுகைவிடச் சின்னதாக ஒரு பழுப்புப் புள்ளி.

"இருக்குடா மச்சம்," அக்காவின் குரல் சுருங்கியது. "அவதான். அந்த மனுஷன் நெஞ்சு வெடிச்சே போயிடுவார்."

"அக்கா, என்னை நேரா பாரு."

"எதுக்கு?"

"பாரு. இப்ப மேல பாரு." துப்பறிவாளர் அவள் முகத்துக்கு மிக அருகில் குனிந்தார்.

"மாட்டு டாக்டர் மாதிரி பாக்காதடா, கூச்சமா இருக்கு."

அவர் நிமிர்ந்தார். ஓவியரிடம் திரும்பினார். பல நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அக்கா பார்த்தாள்.

"நேரா பாக்கற கண்ணுல கருவிழிக்குக் கீழ இருக்கற வெள்ளை தெரியாது. இமை மூடியிருக்கும். அப்ப எந்தப் புகைப்படத்துலயும் இந்த மச்சம் இருந்திருக்க முடியாது. உங்க மாதிரிப் படத்துலயும் கிடையாது, இந்தச் சுவர்ல யாருக்கும் மச்சம் இல்ல. இந்தக் கண்ணை நீங்க நேர்ல பாத்திருக்கீங்க. இந்தப் பொண்ணு உங்க முன்னால உக்காந்து மேல பாத்திருக்கா. உயிரோட."

ஓவியர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

"அடப்பாவி," என்றாள் அக்கா, யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "உயிரோட இருக்காளா? இரு, இங்க தொலைபேசி எங்க இருக்கு? அவருக்கு முதல்ல சொல்லணும்."

"யாருக்கு?" ஓவியர் சட்டென்று கேட்டார். "உங்களை அனுப்பினது யாரு? அந்தக் கண்ணாடிக் கடைக்காரரா?"

"ஆமா. ஏன்யா, அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடக்கார் மனுஷன்."

ஓவியர் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் உடம்பில் யாரையும் தடுக்கிற பலம் இல்லை. ஆனாலும் நின்றார்.

"அம்மா, நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் போங்க. அந்தப் பொண்ணு ஒருநாள் வந்து, எங்க அக்கா இறந்துட்டா, படம் வேணும்னு சொன்னா. புகைப்படம் குடுங்கன்னேன். ஒண்ணுகூட இல்ல, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம், என்னைப் பாத்தே வரைஞ்சுடுங்கன்னா. வரைஞ்சு ஜன்னல்ல மாட்டுங்க, ஒருத்தர் வந்து கேட்டா எதுவும் சொல்லாதீங்க, அவ்வளவு போதும்னா. யாரோட படம்னு எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு. கேக்கல."

"கண்ணு மட்டும் மாதிரிப் படத்துலேருந்து போட்டிருக்கலாமே," என்றார் துப்பறிவாளர்.

ஓவியர் முதன்முறையாகத் தலை குனிந்தார். "போட்டிருக்கணும். செத்தவங்களுக்கு ஒரே கண்ணைப் போட்டுப் போட்டு என் கை மரத்துப்போச்சு சார். உயிருள்ள ஒரு கண்ணு என் முன்னால மேல பாத்தது அன்னிக்குத்தான். ஆசைப்பட்டுட்டேன். பாத்ததை அப்படியே போட்டேன், மச்சத்தோட. அந்த ஆள் வந்து கண்ணாடியில மூக்கை அழுத்தி இடது கண்ணைத் தேடினபோதுதான் என்ன பண்ணியிருக்கேன்னு உறைச்சுது. மச்சத்தை அழிக்கத் தூரிகையை எடுத்தேன். கை வரல."

"அந்தப் பொண்ணு ஏதாவது சொன்னாளா?" அக்கா கேட்டாள்.

"பேசவே இல்லம்மா. இங்க நான் நின்னேன். அவங்க அந்த மணையில உக்காந்தாங்க. மேல பாருங்கன்னேன். பாத்தாங்க. உடனே கை ரெண்டும் தானா தலையை மறைக்கப் போச்சு. அப்புறம் அவங்களே வெக்கப்பட்டு இறக்கினாங்க. புருவம் ரெண்டும் நெத்திவரைக்கும் ஏறிக் கிடந்தது. அதை அப்படியே வரைஞ்சா பாக்கறவனுக்கு ஈரக்குலை நடுங்கும். நான் புருவத்தை மட்டும் இறக்கினேன். பயம் பக்தியா மாறிடுச்சு."

அக்கா பையிலிருந்து திருமணப் புகைப்படத்தை வெளியே எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்ததைத் துப்பறிவாளர் கண்டதில்லை.

"மேல பாத்தாத்தான் அந்த மச்சம் தெரியும்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"வீட்ல பாத்ததா சொன்னாரே."

"இவ அவரைவிட ஒரு தலை உயரம்டா. நின்னாலும் கீழ பாக்கணும், ரெண்டு பேரும் உக்காந்தாலும் நேராத்தான் பாக்கணும். நான் முக்காலின்னு கிண்டல் பண்ணினேனே, முக்காலி எதுவும் இல்ல. இவ தரையில கிடந்திருக்கா. அவர் நின்னிருக்கார். அங்கேருந்துதான் பாத்திருக்கார். ஒரு நாள் பாத்தா மறந்துடும். இமைக்குள்ள இருக்கற மச்சம் மனப்பாடமாகற அளவுக்குப் பாத்திருக்கார்."

துப்பறிவாளருக்குத் தன் முகத்தில் வந்த வெளிச்சம் அணைவது தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் நாள் முழுவதும் மனிதர்களின் கண்களைப் பார்ப்பவர். நேராகப் பார்க்கிற கண்ணில் எது தெரியும், எது தெரியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மச்சம் இருந்தால் அது அவள்தானா என்று தெரிந்துகொள்ள அவர் வரவில்லை. முகத்தைப் பார்த்ததுமே அவள்தான் என்று தெரிந்திருக்கும். அவள் உயிரோடு உட்கார்ந்து வரையவைத்தாளா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றது தான்தான்.

"தம்பி," அக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தாள். "எதிர்ப்பக்கம் நிக்கறார். நம்ம பின்னாலேயே வந்திருக்கார் போல. தெருவைக் கடக்கறார்."

"மச்சத்தை மூடுங்க," என்றார் துப்பறிவாளர்.

இந்த முறை ஓவியரின் கை வந்தது. வெள்ளையில் துளி சாம்பல் கலந்து, ஒரே தொடுதல். புள்ளி போய்விட்டது. அவர் தூரிகையைப் பின்னால் மறைப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே வந்து எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்தார். "மனசு கேக்கல சார். வந்துட்டேன்."

"உக்காருங்க." துப்பறிவாளர் அவர் தோளில் கை வைத்தார். பொய் சொல்லும்போது அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "உங்க மனைவிதான். தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நர்ஸ் வந்து வரையச் சொல்லியிருக்காங்க. காய்ச்சல்ல சேத்தவங்க, பிழைக்கலையாம். ஆஸ்பத்திரி அட்டைக்கு எடுத்த புகைப்படம் ஒண்ணு இருந்திருக்கு, அதைவச்சு வரைஞ்சது."

"அட்டைப் படமா." கடைக்காரர் தலையாட்டினார். "மச்சம்?"

"இல்ல. புகைப்படத்துல அது எப்படித் தெரியும்?"

"ஆமா. தெரியாது."

அக்கா மூக்கைச் சிந்தினாள். அந்த அழுகை நடிப்பில்லை. கடைக்காரர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்திக் குனிந்தார். வலது கண். பிறகு இடது கண். அங்கே நின்றார். கட்டைவிரலை நீட்டி, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல, கீழிமைக்குச் சற்று மேலே ஒரு தடவு தடவினார்.

விரலில் வெள்ளை ஒட்டியிருந்தது.

துப்பறிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓவியர் அவரை முந்திக்கொண்டு, கீறல் விழுந்திருந்தது, சரிசெய்தேன் என்று முணுமுணுத்தார். அதை யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து விரலை ரேகை ரேகையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. முன்பு அழுததும் பொய்யில்லை என்று துப்பறிவாளருக்கு அப்போது தோன்றியது. செத்துவிட்டாளோ என்று உண்மையாகவே பயந்திருக்கிறார்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் கடைக்காரர்.

"நீங்க அவங்களைத் தொட்டா நான் போலீஸுக்குப் போவேன்," என்றார் துப்பறிவாளர்.

"எதுக்கு? காணாம போன பொண்டாட்டியைப் புருஷன் தேடறான். தேடித் தாங்கன்னு உங்ககிட்டயே வந்து அழுதிருக்கேன். இந்த அம்மா சாட்சி."

"அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள் அக்கா. "இங்க யாருக்கும் தெரியாது."

"தெரிய வேண்டாம்மா. ஓடி ஒளியறவளைத் தேடறது கஷ்டம். செத்துட்டதா என்னை நம்ப வச்சுட்டோம்னு நினைக்கறவ ஒளிய மாட்டா. பகல்ல நடப்பா. கடைக்குப் போவா. யாராவது கேட்டா சொந்தப் பேரையே சொல்லுவா." அவர் லென்ஸைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "எனக்கு அவசரமில்ல."

கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார். வாசலில் எதிரே வந்த ஒரு கிழவருக்கு வழிவிட்டு, அவர் கடந்துபோகும்வரை காத்திருந்து, பிறகு நடந்தார்.

அக்கா வாய் திறந்து ஏதாவது சொல்ல மாட்டாளா என்று துப்பறிவாளர் முதன்முறையாக ஏங்கினார். அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் உட்கார்ந்த அதே மணை என்பது நினைவுக்கு வந்ததும் எழுந்துவிட்டாள்.

"அவங்க மறுபடி வருவாங்களா?" துப்பறிவாளர் ஓவியரைக் கேட்டார்.

"இந்தத் தெருவுல இனி காலே வைக்க மாட்டேன்னாங்க."

"தெரிஞ்சவங்க யாராவது?"

"இந்த ஊர்ல யாருமே இல்லைன்னு சொன்னாங்க. அதனாலதான் எங்கிட்ட வந்தேன்னாங்க."

துப்பறிவாளர் இரண்டு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணை இறக்குங்க," என்றார்.

"என்ன சார்?"

"நேரா பாக்கற மாதிரி மாத்துங்க. மாத்திட்டு ஜன்னல்ல திரும்ப மாட்டுங்க. அண்ணாந்திருந்த படம் நேரா பாக்குதுன்னா என்ன அர்த்தம்னு அவங்களுக்குத் தெரியும். புருஷனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரியும். ஒளியச் சொல்ல வேற வழி நம்மகிட்ட இல்ல."

"அவ பாக்கப் போறதில்லையேடா," என்றாள் அக்கா.

"பாக்கப் போறதில்ல."

"பாத்து யாரும் போய்ச் சொல்லப் போறதும் இல்ல."

"இல்ல."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஓவியர் படத்தைத் தூக்கி வரையும் சட்டத்தில் வைத்தார். மாதிரிப் படம் எதையும் எடுக்கவில்லை. திருமணப் புகைப்படத்தைக் கேட்டு வாங்கி ஓரத்தில் செருகிக்கொண்டார். கருவிழிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தார். புருவத்தைத் தொடவில்லை. வெளியே கடைகள் ஒவ்வொன்றாக விளக்கேற்றின. பார்வை கூரையிலிருந்து இறங்கி, எதிர்ச்சுவரின் உச்சிக்கு வந்து, அங்கிருந்தும் இறங்கி, கடைசியில் நிற்பவர்களின் உயரத்துக்கு வந்தது.

அக்கா ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டாள். ஓவியர் தூரிகையைக் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

துப்பறிவாளர் நகரவில்லை. அந்தக் கண் தன்னையே பார்க்கட்டும் என்று நின்றார்.